முதல் வாள் குட்டையாக இருக்கட்டும்

தோக்கியோவுக்கு வேலைக்கு வந்து சேரும் நம்மூர்த் தம்பிகள், எனக்கு வாள் பித்து உண்டென்று கேள்விப்பட்டதும் தவறாமல் கேட்பது இதுதான்: "அண்ணா, ரெண்டு லட்சம் யென்னுக்குள்ள ஒரிஜினல் கதானா ஒண்ணு கிடைக்குமா?" கிடைக்கும். ஆனால் அந்த விலைக்கு இறங்கி வந்த கதானாவில் ஏதோ ஒரு கோளாறு உட்கார்ந்திருக்கும். அதே பணத்துக்கு, கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் தெம்பாக, நல்ல வாகிசாஷி வாங்கலாம் என்பேன். உடனே முகம் சுருங்கும். சினிமாவில் யாரும் வாகிசாஷியை உருவிக்கொண்டு மழையில் நிற்பதில்லையே.

ஜப்பானிய வாள்களை வகை பிரிப்பது நீளத்தை வைத்து. ஒரு ஷாகு என்பது 30.3 செ.மீ. இரண்டு ஷாகுவும் அதற்கு மேலும் கதானா. ஒன்றிலிருந்து இரண்டுக்குள் வாகிசாஷி. ஒன்றுக்குக் கீழே தாந்தோ. எடோ காலத்தில் நீளம் ஒன்று, குட்டை ஒன்று என இரட்டை வாள் செருகுவது சாமுராய்களின் உரிமை. குட்டை வாளை மட்டும் வணிகர்களும் பயணம் போகிறவர்களும்கூட இடுப்பில் செருகிக்கொள்ள முடிந்தது. அதனால் ஏராளமாகச் செய்தார்கள். ஏராளமாக மிஞ்சியும் இருக்கின்றன. அடித்த கை அதேதான், இரும்பும் அதேதான். ஒரே கொல்லரின் கதானாவோடு ஒப்பிட்டால் வாகிசாஷியின் விலை பாதிக்கும் கீழே இருப்பது சகஜம். கற்றுக்கொள்ள வந்தவருக்கு இதைவிட என்ன சலுகை வேண்டும்?

புதிதாகச் செய்ததென்றால் மலிவாக இருக்கும் என்பதும் தப்புக் கணக்கு. உரிமம் பெற்ற கொல்லர் மாதத்துக்கு இரண்டு நீள வாளோ மூன்று குட்டை வாளோதான் செய்யலாம் என்று வரம்பு இருக்கிறது. அந்த உழைப்பெல்லாம் விலையில் ஏறிவிடும்.

ஒரிஜினலா என்ற கவலையில் பாதியை ஜப்பானியச் சட்டமே தீர்த்துவைக்கிறது. இங்கே ஒவ்வொரு வாளோடும் தோரோகுஷோ என்ற பதிவு அட்டை இருந்தாக வேண்டும். மாகாணக் கல்வி வாரியம் தருவது. மரபு முறையில் அடித்த வாளுக்குத்தான் பதிவு கிடைக்கும். போர்க்காலத்தில் தொழிற்சாலையில் தள்ளிய ராணுவ வாள்களுக்குக் கிடையாது. வெளிநாட்டில் "அசல் சாமுராய் வாள்" என்று விற்கப்படுபவற்றில் பல அந்தச் சரக்குதான். அட்டையை வண்டியின் ஆர்.சி. புத்தகமாக எடுத்துக்கொள்ள வேண்டும்: வண்டி இன்னதென்று சொல்லும், எஞ்சின் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. நீளம், வளைவு, பிடிக்குள் போகும் அடித்தண்டில் எத்தனை துளை, என்ன எழுத்து என்று அதில் குறித்திருக்கும். கடையிலேயே வாளோடு வைத்து ஒப்பிட்டுவிடுங்கள். நீளம் ஒத்துவராவிட்டால் அது வேறு வாளின் அட்டையாக இருக்கலாம். நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். அளவு நாடாவை அவரே எடுத்துத் தருவார்.

யார் செய்தது, எந்த மரபு என்பதற்கு வேறு காகிதம். ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1948-இல் தொடங்கியது. ஆங்கிலச் சுருக்கமாக என்.பி.டி.எச்.கே. என்பார்கள். அதன் சான்றிதழ்கள் ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்று படிப்படியாக ஏறும். முதல் வாளுக்கு ஹோசோன் போதும். ஹோசோன் காகிதத்தோடு, நல்ல மெருகோடு ஒரு வாகிசாஷி சுமார் இரண்டு, மூன்று லட்சம் யென்னுக்குக் கிடைக்கிறது. சங்கத்தின் பழைய முறைக் காகிதங்களும் சந்தையில் சுற்றுகின்றன. பெரிய பெயர் போட்ட பழைய காகிதத்தைக் கண்டால் நான் ஒரு படி இறக்கித்தான் மதிப்பேன்.

இனி பெயர் விஷயம். அடித்தண்டில் கொல்லர் உளியால் வெட்டிய கையெழுத்துக்கு மேய் என்று பெயர். பொய்யாக வெட்டியது கிமேய். 17-ஆம் நூற்றாண்டில் எடோவில் வாழ்ந்த நாகாசோனே கோதெத்சு, முதலில் கவசம் செய்துகொண்டிருந்தவர், பிறகு வாளுக்கு மாறினார். அவர் பெயரில் வெட்டப்பட்ட போலிகளுக்குக் கணக்கே இல்லை. கோதெத்சு என்று எழுதியிருந்தால் முதலில் போலி என்றே நினைத்துக்கொள் என்பது இங்கே பழக்கப்பட்ட எச்சரிக்கை. குறைந்த விலையில் பெரிய பெயர் கிடைத்தால் அந்தப் பெயருக்காகவே அதை ஒதுக்குங்கள். கையெழுத்தே இல்லாத வாளுக்கு, முமேய் என்பார்கள், விலை குறைவு. அதில் பொய் சொல்ல எழுத்தே இல்லை. என்னைக் கேட்டால், புதியவர் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

என்னிடம் இருப்பது அப்படியொரு முமேய் வாகிசாஷி. நீளம் ஒரு ஷாகு ஐந்து சுன் (ஷாகுவில் பத்தில் ஒரு பங்கு சுன்), ஏறக்குறைய 45 செ.மீ. காகிதம் அதை சுயே-செகி என்கிறது. அதாவது மினோ மாகாணத்துச் செகியில், முரோமாச்சிக் காலத்தின் பிற்பகுதியில் அடித்தது. செகி இன்றைக்கும் கத்திக்குப் பேர்போன ஊர், கிஃபு மாகாணத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே போருக்காகக் குவியல் குவியலாகச் செய்தார்கள். சேகரிப்பாளர்கள் நடுவில் சுயே-செகிக்குப் பெரிய மரியாதை கிடையாது. அந்த அலட்சியம்தான் நமக்கு லாபம்.

அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு குண்டு பல்பை எரியவிடுவேன். டியூப் லைட்டில் ஒன்றும் தெரியாது. வாளின் நுனியைப் பல்பை நோக்கி நீட்டி, வெளிச்சம் அலகின்மேல் வழுக்கிக்கொண்டு வரும்படி மெல்லச் சாய்க்க வேண்டும். கூர்ப்பக்கம் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். புதியவர்கள் அதையே ஹாமொன் என்று நினைத்துவிடுவார்கள். அது மெருகு போடுபவர் கல்லால் வெளுப்பேற்றிய பகுதி. உண்மையான ஹாமொன் அதற்குள்ளே இருக்கிறது. தோய்ச்சல் போடுமுன் முதுகுப் பக்கம் தடிமனாகவும் வாய்ப்பக்கம் மெல்லிசாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். சட்டென்று குளிர்ந்த வாய் கடினமாகும், முதுகு இளகலாகவே நிற்கும். இரண்டும் சந்திக்கிற எல்லைதான் ஹாமொன். சரியான கோணம் வந்ததும் வெள்ளைக்குள் அந்தக் கோடு துலங்கும். அதில் மினுக்கும் பொடிகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தால் அவை நியே, பொடி பிரியாமல் ஒரே படலமாகத் தெரிந்தால் நியோய். அமிலம் ஊற்றி வரைந்த போலிக்கோடு எப்படிச் சாய்த்தாலும் மேற்பரப்பில் தட்டையாகவே கிடக்கும்.

என் வாளில் நியோய்தான். கோடு கூர்கூராக மேலே எழுந்து இறங்குகிறது. சில கூர்களின் உச்சி முறையில்லாமல் சாய்ந்திருக்கிறது. இரும்பை மடித்து மடித்து அடித்ததில் வந்த ஹாதா, பலகையில் தெரியும் வரிகளாக ஓடி, முதுகை ஒட்டிய பட்டையில் நேர்வரியாகிவிடுகிறது. ஹாமொனுக்கு மேலே வெளிறிய நிழல் ஒன்று உண்டு, ஷிராகே உத்சுரி. மினோ வாள்களில் இதைத் தேடுவார்கள். முதுகுப் பக்கம் அடிப்பு சரியாக ஒட்டாத சின்ன வாய்ப்பிளவும் இருக்கிறது. அதைக் கடைக்காரரே காட்டித்தான் விலை சொன்னார்.

அந்தப் பிளவைப் பொறுத்துக்கொள்ளலாம். ஹகிரேயைப் பொறுக்கக் கூடாது. கூர் விளிம்பிலிருந்து குறுக்காக உள்ளே போகும் மயிரிழை விரிசல் அது. உடம்புக்குள் நீளவாக்கில் போகும் பிளவு அழகைக் கெடுக்கும், குறுக்கு விரிசலோ வாளையே முடித்துவிடும். விளிம்பு முழுவதையும் அங்குலம் அங்குலமாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேரம். அடித்தண்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நூற்றாண்டுகளின் துரு கறுத்த பழுப்பில் ஊறியிருக்கும். எழுத்து இருந்தால் உளிக்குழிக்குள்ளும் அதே துரு இருக்க வேண்டும். வெளியே பழசு, குழிக்குள் புதுசு என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அந்தத் துருவை எந்தக் காலத்திலும் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது. வாளின் வயதே அதில்தான் இருக்கிறது.

துருப்பிடித்த வாளை மலிவாக வாங்கி மெருகு போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். மெருகுக் கலைஞரான தொகிஷி, கல்லுக்குமேல் கல்லாக மாற்றி, கடைசியில் கியோத்தோப் பக்கத்து நருதாகிக் கல்லை மெல்லிய சில்லாக்கிக் கட்டைவிரலுக்குக் கீழே வைத்துத் தேய்ப்பார். கூலி சுன் கணக்கில். வாகிசாஷிக்கு ஆகும் மொத்தக் கூலி அதன் விலையையே தொட்டுவிடும். ஒவ்வொரு மெருகிலும் கொஞ்சம் இரும்பும் போகும். ஏற்கெனவே நல்ல மெருகில் இருப்பதை, வெறும் மரத்தாலான ஷிராசாயா உறையில் வாங்குவதே சிக்கனம். பட்டுக்கயிறு சுற்றிய பிடியும் அரக்குப் பூசிய உறையும் கண்ணைப் பறிக்கும். அந்த ஜோடனையில் காசு போய், அலகு சோர்ந்த வாளாக அமைவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாங்குமுன் கண்ணைப் பழக்க வேண்டும். உயேனோவில் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் வாள் பிரிவும், ரியோகொகுவில் என்.பி.டி.எச்.கே. நடத்தும் வாள் அருங்காட்சியகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் ஷிம்பாஷியில் நடக்கும் பெரிய வாள் சந்தையில் பல வியாபாரிகளின் சரக்கை ஒரே கூரையின்கீழ் பார்க்கலாம். கையில் தந்தால் முதலில் வாளுக்குத் தலைவணங்குங்கள். கூர்ப்பக்கம் மேலே இருக்க உறையிலிருந்து எடுங்கள். அலகில் விரல் படக் கூடாது. அதன்மேல் வாய் திறந்து பேசவும் கூடாது. எச்சிலின் ஈரம் போதும் துருப்பிடிக்க.

வாங்கிய 20 நாளுக்குள் அட்டையில் உள்ள கல்வி வாரியத்துக்கு உரிமையாளர் மாற்றத்தைத் தெரிவித்துவிட வேண்டும். பழைய எண்ணெயை மெல்லிய தாளால் துடைத்து, புதிதாக மெல்லிசாகப் பூசி வையுங்கள். ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால் பண்பாட்டு முகமையின் ஏற்றுமதிச் சான்று வேண்டும், பதிவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தியப் பக்கம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. இறக்குமதிக்கு உரிமம் கேட்கும். அந்த உரிமம் கைக்கு வராமல் விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.