மூன்றாம் பிறையும் ஒரு விரல் தடமும்

தொலைநோக்கி என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? முக்காலியின்மேல் நிற்கும் நீண்ட குழாய்தானே? எம் அறிவியல் மன்றத்தின் தொலைநோக்கியோ பார்ப்பதற்கு இரண்டு மரப்பெட்டிகள், எட்டு அலுமினியக் கம்பிகள், ஒரு வளையம், அவ்வளவுதான்! எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ நாற்பது கிலோ. இதன் உயிர்நிலை, பெட்டியின் அடியில் உறங்கும் 12 அங்குலக் குழியாடி.

இவ்வகைத் தொலைநோக்கியை உலகுக்குப் பழக்கியவர் ஜான் டாப்சன் (1915–2014). அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வேதாந்த மடமொன்றில் துறவியாக இருந்தவர். கையில் காசில்லை. ஆகவே கப்பல் சன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். ஒட்டுப்பலகையால் தாங்கி செய்தார். மடத்தை விட்டு வெளியேறிய பின், தொலைநோக்கியைத் தெருவோரம் நிறுத்தி வழிப்போக்கர்களுக்கு வானத்தைக் காட்டினார். ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காண நாம்தான் அங்கே செல்ல வேண்டும். டாப்சனின் தொலைநோக்கியோ மக்களைத் தேடிச் செல்லும். அந்த எண்ணம் எங்களையும் பற்றிக்கொண்டது.

2025 பிப்ரவரி முதல் நாள், சனிக்கிழமை. தை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். மலையடிவாரக் கிராமம் ஒன்றின் பள்ளித் திடலில் வான்காட்சி நடத்த ஏற்பாடாகியிருந்தது.

முதல்நாள் மாலை, பெட்டிகளைக் கட்டும் பொறுப்பு எங்கள் அறுவருடையது. "ஆடியின் மூடியைத் திறக்காதீர்கள்" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நாங்கள் திறந்தோம்! குழியாடியில் முகம் பார்த்தால் பெரிதாகத் தெரியுமே! ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில், ஆடியின்மேல் ஒரு விரல் பட்டுவிட்டது. பதறிப்போய்க் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தோம். தடம் மறைந்தது, ஆனால் மெல்லிய கீறல்கள் நான்கைந்து விழுந்தன. ஆடியின்மேல் உள்ள அலுமினியப் பூச்சின் கனம், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்! மூடியை மூடினோம், வாயையும் மூடிக்கொண்டோம்.

மறுநாள் பள்ளி வேனில் ஆடிப்பெட்டியை மடித்த ஜமுக்காளத்தின்மேல் வைத்தோம். கம்பிகள் ஒன்றோடொன்று உரசாமல் பழைய துணி சுற்றினோம். டிரைவர் அண்ணன் ஒவ்வொரு பள்ளத்திலும் வேனை ஊர்ந்து செல்லவிட்டார்.

கதிரவன் மறையும்வரை மூடியைத் திறக்கவில்லை. வெயில் பட்டால் குழியாடி அதைக் குவித்துத் தீ மூட்டிவிடும். சமதளம் பார்த்து அடிப்பலகையை வைத்தோம்; அதன்மேல் தாங்கி, அதனுள் ஆடிப்பெட்டி, பிறகு எட்டுக் கம்பிகள், உச்சியில் வளையம். இனி ஆடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வர வேண்டும். இல்லையேல் காட்சி கானல் போல் நடுங்கும்.

சிஸ்டர் மூடியை எடுத்து டார்ச் அடித்தார். முகம் மாறியது. "வழியில் குலுங்கி ஏதேனும் உரசிவிட்டதோ?"

டிரைவர் அண்ணன் வாடிப்போனார். "மெதுவாத்தானே வந்தேன், சிஸ்டர்."

அந்த ஒரு நொடியை நாங்கள் மறக்கவே மாட்டோம். வாய் திறக்காமல் இருந்தால் போதும், பழி சாலையின்மேல் விழுந்துவிடும். இல்லை, அந்த நல்ல மனிதர்மேல் விழும். ஒருவரையொருவர் பார்த்தோம். "அண்ணன்மேல் தவறில்லை, சிஸ்டர். நாங்கள்தான் திறந்தோம், நாங்கள்தான் துடைத்தோம்" என்று கண்ணீருடன் சொன்னோம். அண்ணன் பெருமூச்சு விட்டார்.

சிஸ்டர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "விரல் தடத்தால் பெரிய கேடில்லை, அதை மறைக்கத் துடைத்ததுதான் கேடு" என்றார். "இந்த ஆடியின் பரப்பு 700 சதுர சென்டிமீட்டருக்கு மேல். கீறல் நகத்தளவு. காட்சி கெடாது. அண்ணனிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு வேலையைப் பாருங்கள்."

கேட்டோம். "விடுங்க பாப்பா" என்று சிரித்தார் அண்ணன். பிறகு லேசர் புள்ளி நடுவில் விழும்வரை திருகுகளைத் திருகி, இரு ஆடிகளையும் நேர்ப்படுத்தினோம்.

மேற்கே மூன்றாம் பிறை, அருகே வெள்ளி. ஊரே வரிசையில் நின்றது. முதலில் வந்த பாட்டி ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் அசையவில்லை.

"ஆயுசு முழுக்க மூணாம் பிறையப் பாத்துக் கும்பிட்டிருக்கேன். இத்தனை பள்ளமும் மேடுமா இருக்கு! அப்பவும் எம்புட்டு அழகு!" என்றார்.

வெள்ளியும் ஒரு குட்டிப் பிறையாகத் தெரிந்ததைக் கண்டு சிறுவர்கள் ஆரவாரித்தனர். வியாழனையும் அதன் நிலவுகளையும் காட்டி முடித்தபோது இரவு பத்து மணி. இறுதியாகப் பார்த்தவர் டிரைவர் அண்ணன்.

அந்தக் கீறல்கள் இன்றும் ஆடியில் உள்ளன. மன்றத்தில் புதிதாகச் சேரும் தங்கையருக்கு அவற்றைக் காட்டியே பாடம் தொடங்குகிறோம்: "தூசியைக் காற்றால் ஊது, துணியால் தேய்க்காதே. தவறினால், உடனே சொல்."

விரல் யாருடையது என்கிறீர்களா? அதனால்தானே, தோழியரே, இக்கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்றே எழுதியிருக்கிறோம்!

— அறிவியல் மன்ற மாணவியர் அறுவர்