பனிக்குப் பயந்து கட்டிய கவர்

கடந்த டிசம்பரில் அம்மாவுடன் ஏற்காடு போயிருந்தேன். இரவு 2 மணிக்கு அறையிலிருந்த ஸ்மோக் டிடெக்டர் அலற, அம்மாவை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். தீயும் இல்லை, புகையும் இல்லை. நான் திறந்துவைத்த ஜன்னல் வழியாகப் புகுந்த பனிமூட்டம்தான் காரணம்!

"குளிர் காலத்துல இதே தொல்லைதான் பாப்பா" என்றபடி, விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் டிடெக்டரை பிளாஸ்டிக் கவரால் கட்டிவிட்டுப் போனார்.

அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. 2004 ஜூலை 16-ல், கும்பகோணம் பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் விசாரித்தேன். அந்த வகை டிடெக்டருக்குள் ஓர் ஒளிக்கற்றை இருக்கும். புகைத்துகள் பட்டு ஒளி சிதறினால் அலாரம் அடிக்கும். பனியின் நீர்த்துளி பட்டாலும் ஒளி சிதறும். பாவம், அதற்கு வித்தியாசம் தெரியாது.

தாளிப்புப் புகை எழும் சமையலறைக்கு, சூட்டை உணரும் ஹீட் டிடெக்டர் சரி. படுக்கையறைக்கு அது மட்டும் போதாது. மெத்தை கனன்றால், அறை சூடாகும் முன்பே புகை மூச்சை அடைத்துவிடும். பனி புகும் அறைகளுக்கு, புகை, சூடு இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் மல்டி சென்சார் நல்லது. குளிருக்குக் கரி மூட்டினால் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. அதற்குத் தனி டிடெக்டர் வேண்டும்.

இதையெல்லாம் அந்த அண்ணனிடம் போனில் சொன்னேன். "முதல்ல கவரை அவுத்துடுறேன் பாப்பா" என்றார்.

அடுத்த முறை நானும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் தூங்குவேன்.