லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு தங்கக் காடு

பெண்ணின் தலைப்பிரசவத்துக்காக லண்டன் போயிருந்தேன். செப்டம்பரில் பேரன் பிறந்தான். பிள்ளை பெற்ற உடம்பு, காற்றுப் படக்கூடாது என்று அவளை அறையை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்தேன். பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல் எதிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னம்மா என்று கேட்டால் போதும், பொலபொலவென்று கண்ணீர். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், "டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொஞ்சம் வெளியே நடக்கவும் விடுங்கள்" என்றாள்.

டாக்டரிடம் போய் வந்தோம். அவரும் நடக்கச் சொன்னார். "அத்தை, இப்போ இலையெல்லாம் கலர் மாறுற சமயம். போய்ப் பார்த்துட்டு வரலாமே" என்றார் மாப்பிள்ளை.

அக்டோபர் கடைசி ஞாயிறு பக்கத்தில் இருந்த ஒரு காட்டுக்குப் போனோம். ஒரே ஏமாற்றம்! நெட்டை நெட்டையாகப் பைன் மரங்கள். எல்லாம் கரும்பச்சை. உள்ளே வெயிலே இல்லை. பெண்ணின் முகம் இன்னும் வாடிப் போயிற்று.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் விஷயத்தை விளக்கினாள். ஊசி இலை மரங்கள் பெரும்பாலும் பலகைக்காக நட்டவை, குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்கும். நிறம் பார்க்க வேண்டுமென்றால் ஓக், பீச், ஹார்ன்பீம் போன்ற அகன்ற இலை மரங்கள் இருக்கும் பழைய காட்டுக்குப் போகவேண்டும். அதை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாமாம். ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தில் கூம்பு மாதிரி மரம் போட்டிருந்தால் ஊசி இலை. உருண்டைத் தலையோடு போட்டிருந்தால் அகன்ற இலை. எக்ஸ்ப்ளோரர் 174 என்ற வரைபடத்தை விரித்து, "எப்பிங் காட்டுக்குப் போங்கள்" என்றாள்.

அடுத்த ஞாயிறு கிளம்பினோம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் அரை மணியில் கடைசி ஸ்டேஷன் சிங்ஃபோர்ட். அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் எட்டாம் ஹென்றி மன்னர் வேட்டையைப் பார்ப்பதற்காக 1543ல் கட்டிய மர மாளிகை. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கன்னாட் வாட்டர் என்ற ஏரி. அதைச் சுற்றிக் குழந்தை வண்டி தள்ள வசதியாகப் பாதை இருக்கிறது.

அப்பப்பா, அந்த நிறம்! ஹார்ன்பீம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நிற்கிறது. பீச் இலை புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம். ஓக் மட்டும் சோம்பேறி, கடைசியில்தான் பழுக்கிறது. நம் ஊர் வாதுமை மரம் உதிருமுன் சிவக்குமே, ஒரு காடே அப்படி மாறினால் எப்படி இருக்கும்! பகல் குறையக் குறைய இலையில் உள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

மரங்களெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே பல கைகளாகப் பிரிந்திருந்தன. ஒரு காலத்தில் ஊர் ஜனங்கள் விறகுக்காக அந்த உயரத்தில் வெட்டுவார்களாம். கீழே வெட்டினால் துளிரை மாடும் மானும் தின்றுவிடும். அந்த விறகு உரிமைக்காகப் போராடியவர் தாமஸ் வில்லிங்கேல் என்ற லவ்டன் ஊர்க்காரர். 1866ல் அவர் குடும்பத்தார் சிறைக்கே போனார்கள். கடைசியில் 1878ல் சட்டம் வந்து காடு பொதுமக்களுக்கென்று ஆயிற்று. விறகு வெட்டும் உரிமை நின்றது. அதற்கு ஈடாகக் கிடைத்த பணத்தில் ஊருக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொண்டார்கள். அடுப்புக்கு விறகு தேடிய ஏழைகளால் பிழைத்த காடு என்று நினைத்தபோது எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

பெண் குனிந்து ஓர் இலையை எடுத்துப் பிள்ளையின் கன்னத்தருகே பிடித்தாள். "அம்மா, இவன் உள்ளங்கை இதைவிடச் சின்னதும்மா" என்று சிரித்தாள். ஏழு வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. காற்றுக்குப் பயந்து நான் எதை அடைத்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்காக ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. டாக்டரிடம் போவதும் நின்றுவிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் வாரா வாரம் நடக்கப் போனோம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை நல்ல சமயம். காலையிலேயே கிளம்புங்கள், கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியபின் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். ஈர இலை வழுக்கும், பிடிப்புள்ள பூட்ஸ் அவசியம். உண்ணி கடிக்காமலிருக்கக் கால் மூடிய உடை நல்லது. காளான் பறிக்க அங்கே அனுமதி இல்லை. பிளாஸ்கில் சுக்குக் காப்பி மறக்காதீர்கள். ஏரிக்கரையில் குடித்தால் அதன் ருசியே தனி!