பேரை வாவிக் கரையில் ஒரு விரைபடகு

மின்சாரத்தில் ஓடும் சிறு பந்தயப் படகைத் தாக்குவதும் தண்ணீர், காப்பதும் தண்ணீர். கரையில் நிற்பவரின் கையிலுள்ள வானொலிக் கருவிக்குக் கட்டுப்பட்டு ஓடும் இந்தப் படகு பல வேளைகளில் ஒரு மீற்றர் நீளம்கூட இராது. ஆனால் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் பாயும். நீரின் அடர்த்தி காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு. அதனால் அந்த வேகத்தில் ஒவ்வொரு சிற்றலையும் படகின் அடியில் சுத்தியல்போல் விழுகிறது. அந்த அடியைத் தாங்கும் உறுதி வேண்டும்; உள்ளே எழும் வெப்பத்தை வெளியேற்றும் வழியும் வேண்டும்.

இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க ஏற்ற இடம் கொழும்பின் கொம்பனித்தெரு. கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் கரையோரப் புகையிரதம் சில நிமிடங்களில் இங்கே வந்துவிடும். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடமாதலால் ஆங்கிலேயர் இதை அடிமைத் தீவு என்றனர். வேகந்தைப் பள்ளிவாசலும் கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் இங்கே அருகருகே வாழும் மக்களின் அடையாளங்கள். தெருக்களைத் தாண்டினால் பேரை வாவி. 1864இல் தொடங்கிய கொழும்புத் துடுப்புப் படகுக் கழகத்தின் இடம் இந்த வாவிதான். 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் நிற்பதும் இதன் கரையில்தான். நீரோ பாசியால் பச்சை. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். விரைபடகுக்கு இது எளிய நீரன்று.

உறுதியிலிருந்து தொடங்கலாம். இத்தகைய படகுகளின் உடல் பெரும்பாலும் கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்தது. ஈழத்துக் கரையோரத்துக்கு இந்தப் பொருள் புதிதன்று. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் துணையோடு காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் மீனவருக்கு இதே பொருளில்தான் படகு கட்டியது. மீன்பிடிப் படகில் தடிப்பைக் கூட்டி உறுதி பெறலாம். பந்தயப் படகில் எடை கூடினால் வேகம் போகும். ஆகவே விசை குவியும் இடங்களை மட்டும் தேர்ந்து வலுவூட்ட வேண்டும்.

அவ்விடங்கள் நான்கு: ஏரா ஓடும் நடுவரி, அடியும் பக்கமும் கூடும் விளிம்புகள், மோட்டார் அமரும் தளம், சுக்கானையும் உந்து விசிறியின் தண்டையும் தாங்கும் பின்பலகை. இவற்றின் உட்புறத்தை உப்புத்தாளால் நன்கு தேய்த்து, தூசு துடைத்து, காபன் நார்த் துணியை எபொக்சிப் பிசினில் நனைத்துப் படிய வைப்பர். படகு முறுகாமல் இருக்க, துணியின் இழைகள் நீளவாட்டுக்கு 45 பாகையில் சாய்ந்து கிடக்க வேண்டும். மிஞ்சிய பிசினை ஒற்றி எடுத்துவிட வேண்டும். அது எடையைத்தான் கூட்டும். பின்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைப் பதித்து, ஆணித் துளைகளின் உள்வாய்க்கும் பிசின் பூசினால் நீர் ஊறாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. காபன் நார் வானொலி அலையை மறைக்கும். எனவே வாங்கியின் அன்ரெனா படகின் மேல்தளத்துக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். அடுத்து, அறை வெப்பத்தில் இறுகும் எபொக்சி பல வேளைகளில் 60 பாகை செல்சியஸை அண்டியே இளகத் தொடங்கும். கொழும்பு வெயிலில் கறுப்பு நிறப் படகை விட்டு வைத்தால் அந்த அளவை எட்டிவிடும். வெளிர் நிறமும் நிழலும் அதனால் உறுதியின் பகுதிகளே.

உறுதி குறைந்தால் வெப்பம் கூடும். உடல் முறுகினால் மோட்டாரும் தண்டும் ஒரே கோட்டில் நில்லா. உராய்வு கூடி, மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பிச் சுருளில் எழும் வெப்பம் நான்கு மடங்கு. சூடேறிய செம்பின் தடையும் ஏறும்: 60 பாகை உயர்வுக்கு ஏறத்தாழ கால் பங்கு. இப்படி வெப்பமே மேலும் வெப்பத்தைப் பெருக்கும். மோட்டாரிலுள்ள சாதாரண நியோடிமியக் காந்தம் 80 பாகையை ஒட்டி வலு இழக்கத் தொடங்கும். லிதியம் பொலிமர் பற்றரிக்கு 60 பாகையே ஆபத்தின் எல்லை.

இங்கேதான் தண்ணீர் துணைக்கு வருகிறது. சுக்கானின் முன்விளிம்பில் உள்ள சிறு துளை நீரை வாங்க, சிலிக்கோன் குழாய் அதை வேகக் கட்டுப்படுத்திக்கும் மோட்டாரைச் சுற்றிய உறைக்கும் கொண்டு செல்லும். பம்பி தேவையில்லை. நொடிக்கு 15 மீற்றர் வேகத்தில் துளையில் மோதும் நீர், ஏறத்தாழ 11 மீற்றர் உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தைப் பெறுகிறது.

ஒரு கணக்குப் போடலாம். 2000 வாற்று எடுத்து 85 விழுக்காட்டை வேலையாக மாற்றும் அமைப்பில் 300 வாற்று வெப்பமாகும். நிமிடத்துக்கு அரை லீற்றர் நீர் ஓடி அதை முழுவதும் ஏந்தினால், நீர் 9 பாகை மட்டுமே சூடேறும். ஆனால் குளிர்நாட்டு ஏரியில் 15 பாகையில் உள்ளே வரும் நீர், இங்கே 30 பாகையை ஒட்டி வரும். அந்த 15 பாகை இழப்பை ஈடுசெய்யச் சற்றுச் சிறிய உந்து விசிறியைப் பூட்டி, மின்னோட்டத்தைக் குறைப்பதே நல்ல வழி. நீர் முதலில் வேகக் கட்டுப்படுத்திக்கும் பின்பு மோட்டாருக்கும் போகலாம். இரண்டுக்கும் தனித்தனித் துளை இருந்தால் இன்னும் நல்லது.

பாசி நிறைந்த நீரில் துளை அடைபடும். அதனால் நீர் வெளியேறும் வாயைப் படகின் பக்கவாட்டில், கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி வைப்பர். பீறிடும் நீர் மெலிந்தால் படகைத் திருப்பி அழைக்க வேண்டும். குழாய் எங்கும் மடியாமலும், துளையின் வாய் அகலமாகவும் இருக்க வேண்டும். படகு நின்றதும் நீரோட்டம் நின்றுவிடும். உலோகத்தில் தேங்கிய வெப்பமோ நிற்காது. ஆகவே கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிக் கரை சேர்ப்பது வழக்கமாக வேண்டும்.

கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து, பற்றரியைக் கழற்றி, மோட்டாரின் சூட்டை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஊசிக்குழலால் நல்ல நீரைப் பாய்ச்சிக் குழாய்களைக் கழுவி, காற்று ஊதி உலர்த்த வேண்டும். இறுதியாக, வலுவூட்டிய நான்கு இடங்களையும் விரலால் தடவி, மயிரிழை வெடிப்பு உண்டா என்று பார்த்த பின்னரே அடுத்த ஓட்டம்.