ஃபார்மேட் பண்ணிடலாமா சார்?

பணி ஓய்வுக்குப் பிறகு லினக்ஸுக்கு மாறியவன் நான். பழைய கணினி, காசு கேட்காத மென்பொருள், பென்ஷன்காரனுக்கு அது போதும். அதில் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டும்போது மட்டும் சில நேரம் வம்பு வரும். நம் வயதுக்காரர்கள் சிலரும் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் அக்கா நன்றாகத் தாலாட்டுப் பாடுவாள். 1987-ல் டேப் ரிக்கார்டரில் நான் பதிந்த கேசட்டுகள் பூஞ்சை பிடிக்கும் முன், தம்பி மகன் அவற்றைக் கணினிக்கு மாற்றி ஒரு டிஸ்கில் வைத்திருந்தான். கேசட்டுகள் இப்போது இல்லை. அக்காவும் இல்லை. வருஷத் திதிக்கு அவள் குரலைக் கேட்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள்.

டிஸ்கை வாங்கி வந்து மாட்டினால், 'மவுண்ட் செய்ய முடியவில்லை' என்றது திரை. கடைக்கு எடுத்துப் போனேன். பையன் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "ஃபார்மேட் பண்ணிடலாமா சார்?"

"உள்ளே இருக்கிறது?"

"அது போயிடும் சார்."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்டால் டிஸ்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுங்கள், அவ்வளவுதான்.

முதலில் மின்சாரம். பழைய யூஎஸ்பி 2 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், யூஎஸ்பி 3 துளை 900. ஹப் வழியாக மாட்டினால் சில டிஸ்குகள் சுழலத் தெம்பில்லாமல் டிக் டிக் என்று முனகும். நான் நேராகக் கணினியின் பின்பக்கத் துளையில் செருகினேன். சத்தம் சீராக இருந்தது.

அடுத்து டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே. (ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்!) எஸ்டிபி1 என்று அளவோடு வந்தது. அப்பாடா, டிஸ்க் சாகவில்லை. பிறகு சூடோ டிமெசேஜ். கடைசி வரிகளில் காரணம் இருந்தது: வால்யூம் டர்ட்டி.

அழுக்கு என்றால் தூசி இல்லை. விண்டோஸ் ஒரு டிஸ்கில் எழுதத் தொடங்கும்போது ஒரு குறி போடும், ஒழுங்காக முடித்ததும் அழிக்கும். அலுவலக வருகைப் பதிவேட்டில் காலையில் கையெழுத்துப் போட்டவர் மாலையில் போடாமல் போன மாதிரி, இங்கே குறி அப்படியே நின்றுவிட்டது. சினிமா ஏற்றிய கையோடு ஒயரைப் பிடுங்கியிருக்கிறான் தம்பி மகன். 2021-ல் லினக்ஸில் சேர்ந்த புதிய என்டிஎஃப்எஸ் டிரைவர் இந்தக் குறியைப் பார்த்தால் எழுத அனுமதிக்காது. எனக்கு அதில் குறையில்லை, பத்திரமாக நடந்துகொள்கிறது.

எழுத வேண்டாமே, படித்தால் போதுமே! சூடோ மவுண்ட், பிறகு ஹைஃபன் ஓ, ஆர்ஓ, டிஸ்கின் பெயர், எம்என்டி. ஆர்ஓ என்றால் படிக்க மட்டும். உடனே திறந்தது.

என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்று ஒரு கட்டளையைச் சிலர் சொல்வார்கள். அது முழுப் பரிசோதனை இல்லை. பாட்டுகளை இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்த பிறகுதான் டிஸ்கைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். அங்கே விண்டோஸில் செக்டிஸ்க் ஓட்டிச் சரிசெய்தார்கள். "இனிமே எஜெக்ட் பண்ணிட்டுத்தான் பெரியப்பா எடுப்பேன்" என்றான்.

திதியன்று எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம். இரண்டாவது பாட்டின் நடுவே அக்கா நிறுத்திவிட்டு, "ஏல, ஓடுதா இது?" என்று என்னைக் கேட்கிறாள். பின்னால் ஒரு சேவல் கூவுகிறது.