ஜெய்சல்மேர்: 200 மில்லிமீட்டர் மழையில் கோதுமை விளையும் பாலைவனம்

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார் பாலைவனத்தில் இருக்கிறது ஜெய்சல்மேர். வருஷம் முழுக்கப் பெய்வதைக் கூட்டினாலும் 200 மி.மீ. மழை தேறுவது கஷ்டம். அந்த மழையிலும் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைகின்றன. ஒட்டகச் சவாரிக்காகப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் வருவது இதைத்தான்.

நகரிலிருந்து சுமார் 18 கி.மீ. தள்ளி குல்தாரா என்ற ஊர் ஆளில்லாமல் கிடக்கிறது. பாலிவால் பிராமணர்கள் குடியிருந்து விவசாயம் செய்து, 19-ம் நூற்றாண்டில் விட்டுப்போன ஊர். வழிகாட்டிகள் பேய்க்கதை சொல்வார்கள், கேட்டுக்கொள்ளலாம். ஆனால், அந்த மக்கள் வளர்த்தெடுத்த 'கடீன்' முறையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பாறை மேட்டில் விழும் மழை சரிவில் ஓடிவரும். அதைத் தாழ்வான இடத்தில் நீளமான மண்கரை போட்டு மறிக்கிறார்கள். மிகுந்த தண்ணீர் வெளியேற நம் ஏரிகளில் இருப்பதுபோல கலிங்கு உண்டு. தேங்கிய நீர் வண்டலைப் படியவிட்டு மண்ணுக்குள் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தரை வெளிப்பட்டதும் விதைக்கிறார்கள். அதற்குப் பிறகு பாசனமே கிடையாது. மண்ணில் உள்ள ஈரத்திலேயே பயிர் முடிந்துவிடும். ஒரு ஏக்கர் விளைய, மேலே பத்து ஏக்கருக்கு மேல் வெறும் பாறை மேடு வேண்டும். ஆகவே, அங்கே தரிசும் சொத்துதான்.

சாப்பாட்டில் நமக்குப் பழகிய கம்புதான். ரொட்டியாகத் தட்டி நெய் ஊற்றித் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள 'கேர் சாங்ரி'. சாங்ரி என்பது வேறொன்றுமில்லை, விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் வன்னியின் பிஞ்சுக்காய். காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். சீமைக்கருவேலத்துக்குச் சொந்தக்கார மரம்தான், குணம் நேரெதிர். வன்னியின் அடியிலேயே கம்பு நன்றாக வரும். தழை ஆட்டுக்குத் தீவனம். ஜோத்பூர் பக்கம் கேஜர்லியில் 1730-ல் இந்த மரத்தை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிர் விட்டார்கள்.

1156-ல் கட்டத் தொடங்கிய மஞ்சள் கல் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. ஒரு காலத்தில் கீழே கடிசர் ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். குழாய் வந்தபின் செலவு பலமடங்காகி, கழிவுநீர் அடிமண்ணில் கசிந்து, கொத்தளங்கள் சில சரிந்துவிட்டன. வறட்சியில் நின்ற கோட்டையைத் தண்ணீர் ஆட்டிவைக்கிறது. உள்ளே விடுதி எடுக்காமல் வெளியே தங்குவது நல்லது.

வாங்குவதற்குத் துணி ஒட்டுவேலைப் போர்வைகள், ஒட்டகத்தோல் செருப்புகள் உண்டு. பாலைத் தயிராக்கும் என்று சொல்லி ஹாபூர் கல்லில் செய்த கிண்ணம் விற்பார்கள். அழகுக்கு வாங்கலாம், தயிருக்கு வீட்டு உறையே போதும். காய்ந்த சாங்ரி கால் கிலோ வாங்கினால் பையில் கனக்காது, கெடவும் செய்யாது. ஒட்டகச் சவாரிக்கு ஏறுமுன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். கார்த்திகை முதல் மாசி வரை போகலாம். இரவில் கம்பளி வேண்டும். ஜோத்பூரிலிருந்து ரயில் இருக்கிறது.