மிதி... பிடி... விடு!

வெள்ளிக்கிழமை ராத்திரி, மேனாம்பேடு வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது கிளட்ச் பெடல் தரையோடு படுத்துக்கொண்டது. எழுந்திருக்கவே இல்லை. கியர் போட்டால் கறகறவென்று ஓலம். வண்டி, 2004 மாடல் குவாலிஸ். தேய்மானம் கழித்தால் அதன் மதிப்பு என்ன என்று சொல்லிவிடுவேன். பி.காம். படித்தவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மெக்கானிக்கோ செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றார்.

‘‘மெக்கானிக் எதுக்கு? கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர், ரெண்டையும் வாங்கிட்டு வா. ஒண்ணை மட்டும் மாத்தினா அடுத்த மாசம் இன்னொண்ணு ஒழுகும்!’’

அப்பா!

எங்களுக்குள் பேச்சு குறைவு. சண்டையெல்லாம் இல்லை. பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார். நான் பத்திரிகை வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து, ‘சாப்டியா’, ‘கரன்ட் பில் கட்டியாச்சா’ என்ற அளவில் இருபத்தைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கப்பட்டது. 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட். இந்த வட்டாரத்தில் முளைத்த சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கே இல்லை. அப்படி ஒன்றில், சிலிண்டருக்குத் துளை போடும் லேத்தில் நின்றவர் அப்பா. அவர் கார் வாங்கியதே இல்லை.

சனிக்கிழமை ஜி.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கினேன். ஞாயிறு காலை, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, கோணி விரித்து, எழுபத்து நாலு வயதில் வண்டிக்கு அடியில் போய்விட்டார். ‘‘நான் படுக்கறேன்ப்பா’’ என்றேன். ‘‘நிப்பிள் எதுன்னு தெரியுமா உனக்கு?’’ தெரியாது.

கழற்றிய ஸ்லேவ் சிலிண்டருக்குள் சுண்டு விரலை விட்டுத் தடவினார். ‘‘கோடு விழுந்திருக்கு, பாரு.’’ நானும் விரலை விட்டேன். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மாஸ்டரில் பிரேக் ஆயில் ஊற்றும்போது பானெட்டில் கொஞ்சம் சிந்தியது. ‘‘தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து! பெயின்ட்டைத் தின்னுடும்!’’

புதுசு மாட்டியாச்சு. பெடல் மட்டும் இன்னும் பஞ்சு மாதிரி. பைப்புக்குள் காற்று. ஆயில் அமுங்காது, அதனால்தான் நாம் மிதிக்கிற மிதி அப்படியே கீழே போய்ச் சேருகிறது. நடுவில் காற்று இருந்தால் அதுதான் அமுங்கும். கிளட்ச்சுக்கு ஒன்றும் போகாது. எனவே ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் பேச வேண்டும்.

‘‘மிதி... மிதி... மிதிச்சுப் பிடி!’’

‘‘பிடிச்சிருக்கேன்ப்பா.’’

நிப்பிளைத் திறப்பார். ஆயிலும் குமிழியும் புளிச்சென்று வரும். மூடுவார். ‘‘விடு!’’

‘‘விட்டுட்டேன்.’’

ஏழாவது தடவையோ என்னவோ, அவர் மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டேன். சர்ரென்று காற்று உள்ளே போகும் சத்தம் எனக்கே கேட்டது. பட்டபாடெல்லாம் போச்சு! திட்டு விழும் என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழேயிருந்து குரல் வந்தது. ‘‘பரவால்லடா. டப்பால ஆயில் இருக்கான்னு பாத்துட்டு வா. முதல்லேர்ந்து பண்ணுவோம்.’’

பதினோரு மணிக்குப் பெடல் கல் மாதிரி நின்றது. முதுகெல்லாம் மண்ணோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர், ‘‘ஏரிப் பக்கம் போ’’ என்றார். ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது.